கடலலை எப்படி நகர்கிறது, ஏன் வளைகிறது, எங்கே உடைகிறது

மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். அலை கரைக்கு வரும்போது கடல்நீரும் அதனுடன் பயணம் செய்து வருகிறதா? காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அலைகள் ஏறத்தாழக் கரைக்கு இணையாகவே வந்து விழுவது ஏன்? 2004 டிசம்பர் 26 அன்று ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் பலருக்கு, சுனாமி தங்கள் படகின் அடியிலேயே கடந்து சென்றது தெரியாமல் போனது எப்படி? தனித்தனியாகத் தோன்றினாலும் இம்மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை அலைகள் என்பதை அலையை எழுப்பிய பொருள் தீர்மானிக்கிறது. அந்த அலை என்ன வேகத்தில் செல்லலாம் என்பதை அது கடந்து செல்லும் ஊடகம் தீர்மானிக்கிறது. இந்த வேலைப் பிரிவினையை மனத்தில் இருத்திக்கொண்டால் வளைவதும், உடைவதும், பெருகுவதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே விளங்கிவிடும்.

முதல் கேள்விக்கு விடை காண வலையில் கட்டிய மிதவை ஒன்றைக் கவனித்தால் போதும். அலையின் முகடு நெருங்கும்போது மிதவை மேலெழுந்து சிறிது முன்னே நகர்கிறது. முகடு கடந்து அகடு, அதாவது இரு முகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளம், வரும்போது இறங்கிப் பின்னே வருகிறது. அடுத்த முகடு வருவதற்குள் ஏறத்தாழப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது. ஆழ்ந்த நீரில் ஒவ்வொரு நீர்த்துளியும் இப்படி ஒரு வட்டத்தில் சுற்றுகிறது. நீர்ப்பரப்பில் அந்த வட்டத்தின் விட்டம் அலையின் உயரத்துக்குச் சமம்; கீழே செல்லச் செல்ல வட்டம் மிக விரைவாகச் சுருங்குகிறது. அலைநீளத்தில் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையிலான தூரத்தில்) பாதியளவு ஆழத்துக்குச் சென்றால், மேற்பரப்பில் இருந்த அசைவில் ஏறத்தாழ நான்கு விழுக்காடுதான் மிஞ்சும். பத்து நொடிக்கு ஒரு முறை வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 156 மீட்டர் ஆகும். அது இரண்டு மீட்டர் உயரத்துடன் மேலே புரண்டுகொண்டிருக்கும்போது, 78 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீர் ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவான வட்டத்தில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அலையின் அசைவு ஆழத்துக்குள் எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை அதன் நீளமே முடிவு செய்கிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பலமுறை தேவைப்படும்.

ஆகவே பயணம் செய்வது ஆற்றலும் வடிவமுமே தவிர நீர் அன்று. அந்த ஆற்றல் அலையின் உயரத்தைப் பொறுத்து வர்க்க விகிதத்தில் கூடுகிறது. உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் ‘நீர் சிறிதும் நகர்வதில்லை’ என்று பாடப்புத்தகங்கள் எழுதுவது முழு உண்மையாகாது. வட்டத்தின் மேற்பாதியில் நீர் சற்று வேகமாகவும் கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் நகர்வதால் வட்டம் சரியாக மூடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நீர் கொஞ்சம் முன்னே தள்ளப்படுகிறது. இதை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1847இல் கணக்கிட்டுக் காட்டினார். மேலே சொன்ன அலைக்கு இந்த நகர்வு நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர். அலையோ நொடிக்கு 15.6 மீட்டர் ஓடுகிறது. கரையருகே அலை உடைந்த பிறகு நிலைமை முற்றிலும் வேறு. அங்கே நீர் உண்மையாகவே திரளாக வந்து கரையில் ஏறுகிறது, வந்த நீர் ஏதேனும் ஒரு வழியாகத் திரும்பிச் சென்றாகவும் வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் வழியாக அது குறுகிய, வேகமான ஓட்டமாக வெளியேறுகிறது. ‘கடல் உள்ளே இழுத்துக்கொண்டது’ என்று சொல்லப்படும் சாவுகளில் பெரும்பாலானவை இந்தத் திரும்பு ஓட்டத்தால் நிகழ்பவை. பள்ளத்தின் மேல் அலை குறைவாக உடைவதால், பார்வைக்கு அந்த இடமே கடற்கரையில் அமைதியான இடமாகத் தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இனி வேகத்துக்கு வருவோம். அலை தோன்றுவதற்கு இரண்டு வேண்டும்: நிலை குலைந்ததைப் பழைய நிலைக்கு இழுக்கும் ஒரு மீள்விசை, பழைய நிலைக்கு வந்தும் நிற்க விடாமல் தாண்டிப் போகச் செய்யும் நிலைமம். இழுத்துக் கட்டிய கம்பியில் மீள்விசை அதன் இழுவிசை. காற்றில் அது அழுத்தம். கடலில் அது புவியீர்ப்பு. மீள்விசை வலுவாக இருந்தால் அலை வேகமாகச் செல்லும், நிலைமம் மிகுந்தால் மெதுவாகச் செல்லும். 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்கிறது; நீரில் ஏறத்தாழ 1500 மீட்டர். உரக்கக் கத்தினாலும் மெல்லப் பேசினாலும், கீழ்சுருதியானாலும் மேல்சுருதியானாலும் இந்த வேகம் மாறுவதில்லை. மாறியிருந்தால், கச்சேரியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு மிருதங்கமும் வயலினும் தாளம் தப்பித்தான் கேட்டிருக்கும்.

நீர்ப்பரப்பின் அலைகள் இந்த விஷயத்தில் ஒலியிலிருந்து வேறுபடுகின்றன. கடலின் சுவையான நிகழ்வுகள் பலவற்றுக்கும் இந்த வேறுபாடுதான் காரணம். ஆழ்ந்த நீரில் நீண்ட அலை வேகமாகவும் குறுகிய அலை மெதுவாகவும் செல்கின்றன. கணக்கு எளிது: அலைவுக்காலத்தை, அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரத்தை, நொடிகளில் எடுத்து 1.56ஆல் பெருக்கினால் வேகம் மீட்டரில் கிடைத்துவிடும். ஐந்து நொடி அலைக்கு நொடிக்கு 7.8 மீட்டர், இருபது நொடி அலைக்கு 31 மீட்டர். இந்தக் கணக்கு, கடலின் ஆழம் அலைநீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும்வரை செல்லும். அதற்குக் குறைந்தால் நீர்த்துளிகளின் வட்டங்கள் தரையைத் தொட்டு, நசுங்கி, நீள்வட்டங்களாகின்றன. மீனவர்கள் அலை ‘தரையைத் தொடும்’ இடம் என்று காட்டும் பகுதி இதுதான். ஆழம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டால் அலைநீளம் ஒரு பொருட்டே இல்லை. ஆழம் மட்டுமே வேகத்தை ஆள்கிறது. ஆழத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அதுவே வேகம். பத்து மீட்டர் ஆழத்தில் நொடிக்கு ஏறத்தாழ பத்து மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்தில் 4.4 மீட்டர்.

(மிகச் சிறிய சிற்றலைகளில் புவியீர்ப்புக்குப் பதிலாக நீரின் பரப்பு இழுவிசை ஆட்சி செய்கிறது, அங்கே குறுகிய அலையே வேகமானது. இரண்டு ஆட்சிகளும் சந்திக்கும் இடத்தில், ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டர் நீளத்தில், நீரலையின் மிகக் குறைந்த வேகம் அமைகிறது: நொடிக்கு 23 சென்டிமீட்டர். வாய்க்காலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நீரோட்டம் இதைவிட மெதுவாக இருந்தால் குச்சிக்கு முன்னால் நிலையான சிற்றலைகள் தோன்றவே மாட்டா.)

அலை ஆழத்திலிருந்து ஆழமற்ற பகுதிக்கு வரும்போது வேகம் குறைகிறது. ஆனால் அதன் அலைவுக்காலம் மாறுவதில்லை. ஒரு நிமிடத்தில் ஆறு முகடுகள் உள்ளே நுழைந்தால், ஆறு முகடுகள் வெளியே சென்றுதான் ஆக வேண்டும். வழியில் முகடுகள் பிறக்கவும் முடியாது, தேங்கி நிற்கவும் முடியாது. வேகம் குறைந்து அலைவுக்காலம் மாறாமல் இருந்தால் சுருங்குவது அலைநீளமாகத்தான் இருக்க முடியும். ஆழ்கடலில் 156 மீட்டர் நீளமாக இருந்த பத்து நொடி அலை, இரண்டு மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 44 மீட்டராகச் சுருங்குகிறது. ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போதும் இதுவே நடக்கிறது. அதன் அதிர்வெண் அப்படியே இருக்க, அலைநீளம் குறுகுகிறது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை இதில் அடங்கியிருக்கிறது. கரைக்குச் சாய்வாக வரும் ஒரு நீண்ட முகட்டின் ஒரு முனை முதலில் ஆழமற்ற நீரை அடைகிறது. அது வேகம் குறைகிறது. மறுமுனை இன்னும் ஆழத்தில் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே முகட்டுக்கோடு மெல்லத் திரும்பி, கரையோடு இணையாகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. எவ்வளவு திரும்பும் என்பதையும் கணக்கிடலாம். அலையின் முகடு கரைக்கோட்டோடு கொள்ளும் கோணத்தின் சைன் மதிப்பு, அலையின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் குறையும். ஒளிவிலகலுக்குப் பள்ளியில் படித்த ஸ்நெல் விதியே இது. ஆழ்கடலில் 60 பாகை சாய்வாக வரும் பத்து நொடி அலை, கரையருகே இரண்டு மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வெறும் 14 பாகைச் சாய்வோடுதான் வந்து சேர்கிறது. மணலில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு 14 பாகை என்பது ஏறத்தாழ நேராக வருவதுதான். காற்று வேறு திசையில் அடிப்பது அலையின் பிறப்பைப் பற்றிய செய்தி. அது கரைக்கு எந்தக் கோணத்தில் வருகிறது என்பது கடலடித் தரையின் அமைப்பைப் பற்றிய செய்தி.

இதே விதி, கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளின் மேல் அலைகளைக் குவிக்கிறது. உள்வாங்கிய விரிகுடாக்களில் அலைகளை விரித்து வலுவிழக்கச் செய்கிறது. முனைகள் தேய்வதும், வளைகுடாக்களில் மணல் சேர்வதும், படகுகளை ஒதுக்க மக்கள் வளைந்த கரையைத் தேர்ந்ததும் இதன் விளைவே. ஒலியும் இப்படி வளைவதுண்டு. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால், மேலே கிளம்பிய ஒலி கீழ்நோக்கி வளைந்து தரைக்கு வருகிறது. பகலில் கேட்காத தொலைதூரக் கோயில் ஒலிபெருக்கி மார்கழி விடியலில் தெளிவாகக் கேட்பதற்குப் பக்தியைவிட இந்த வளைவுக்குப் பங்கு அதிகம்.

அலை முழுமையாகத் திரும்பிவிடுவதில்லை என்பதும் முக்கியம். மிச்சமிருக்கும் அந்தச் சில பாகைச் சாய்வு சிறியதுதான். ஆனால் சென்னையின் நிலப்படத்தையே அது மாற்றி எழுதியிருக்கிறது. சாய்வாக விழும் ஒவ்வோர் அலையும் மணலைச் சாய்வாகக் கரையேற்றுகிறது. திரும்பும் நீர் அதை நேராகக் கீழே இறக்குகிறது. இப்படிப் பல்வரிசை வடிவில் மணல் கரையோரமாகவே நடந்து செல்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் தெற்கு நோக்கியும் தள்ளுகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிகுதி. 1870களின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் கட்டத் தொடங்கியபோது இந்த மணல் நடையின் குறுக்கே ஓர் அணை எழுந்தது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கித் தேங்கி இன்றைய மெரினாவின் அகலம் உருவானது. வடக்கே மணல் வரவு நின்றுபோனதால் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான கரை அரிக்கப்பட்டது. புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர்களுக்கு வடக்கே நகரின் மணற்கரை இப்படித்தான் மறைந்தது. அரிப்பைத் தடுக்க இன்று ஊருக்கு ஊர் கேட்கப்படும் தூண்டில் வளைவுகளும் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் கற்சுவர்களும்) இதே விதிக்கு உட்பட்டவைதான். அவை தமக்குத் தெற்கேயுள்ள ஊருக்கு மணலைச் சேர்த்து, வடக்கேயுள்ள ஊரின் பங்கைக் குறைக்கின்றன. எனவே ஒரே ஊருக்கென்று தனியாகப் போடப்படும் தூண்டில் வளைவு சிக்கலைத் தீர்ப்பதைவிட அதை அடுத்த ஊருக்கு மாற்றிவிடுகிறது என்பதே என் கருத்து.

அலை உடைவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேகம் குறையும்போது பின்னால் வரும் ஆற்றல் நெருக்கமாக அடைகிறது. நீளம் சுருங்கி உயரம் கூடுகிறது. முகட்டில் நீர் ஆழம் சற்று அதிகம், அகட்டில் குறைவு. ஆகவே முகடு தன் அடிப்பகுதியை முந்தத் தொடங்குகிறது. அலையின் உயரம் அங்குள்ள ஆழத்தில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை எட்டும்போது முகடு தலைகுப்புற விழுகிறது. சரிவு மெதுவான கரையில் அது நுரைத்துக்கொண்டே வெகுதூரம் உருளும். சரிவு செங்குத்தான கரையில் ஒரே அடியாகக் கவிழும். கரையிலிருந்து பார்த்து அலை எங்கே உடைகிறது என்று தெரிந்தால், அதன் உயரத்தைக் கொண்டு அங்குள்ள ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

காற்றே இல்லாத நாளில், தெளிந்த வானத்தின் கீழ், திடீரெனப் பெரிய அலைகள் கரையில் ஏறுவதைக் குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் காணலாம். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். இந்த அலைகள் இங்கே பிறந்தவை அல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், 40, 50 பாகைத் தென் அட்சரேகைகளில் வீசும் புயற்காற்றுகள் எழுப்பிய அலைகள் குமரி வரை ஏறத்தாழ 6000 கிலோமீட்டர் கடந்து வருகின்றன. புயல் எல்லா நீளத்திலும் அலைகளைக் கலந்துகட்டி எழுப்பும். ஆனால் நீண்டவை வேகமானவை என்பதால் வழியிலேயே அவை தரம்பிரிந்துவிடுகின்றன. முப்பட்டகத்தில் வெள்ளொளி நிறங்களாகப் பிரிவதற்கு இணையான நிகழ்வுதான் இது. அங்கே கோணத்தில் பிரிகிறது, இங்கே நாட்களில் பிரிகிறது. கடலியல் அறிஞர் வால்டர் மங்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, அண்டார்க்டிக் கடலின் புயல்களில் பிறந்த அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து செல்வதைப் பின்தொடர்ந்தார்கள்.

பயண நேரத்தைக் கணக்கிடும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. ஆழ்கடலில் ஆற்றல், தனி முகட்டின் வேகத்தில் செல்வதில்லை. அதில் சரிபாதி வேகத்தில்தான் செல்கிறது. அமைதியான குளத்தில் கல்லெறிந்து, விரியும் வளையக் கூட்டத்தில் ஒரே ஒரு வளையத்தை விடாமல் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அது கூட்டத்தின் உள்விளிம்பில் தோன்றி, கூட்டத்தை ஊடுருவி முன்னேறி, வெளிவிளிம்பை அடைந்ததும் மறைந்துவிடும். உள்ளே புதிய வளையம் பிறந்துகொண்டிருக்கும். முன்னணியில் செல்லும் முகடு இன்னும் அசையாத நீரை அசைத்து அதிலேயே தன் ஆற்றலை இழக்கிறது. பின்னால் விட்டுச்செல்லும் அசைவிலிருந்து புதிய முகடு எழுகிறது. எனவே இருபது நொடி அலைக்கூட்டம் நொடிக்கு 31 மீட்டரில் வராமல் 15.6 மீட்டரில், அதாவது மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 6000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ நான்கரை நாள் ஆகும். அதே புயலில் பிறந்த பன்னிரண்டு நொடி அலைகள் வந்து சேர ஏழரை நாள் ஆகும். முதலில் வருபவை மிக நீண்ட அலைகள்; நீண்ட அலை தரையைத் தொட்டதும் அதிகம் உயரும் தன்மை கொண்டது. உள்ளூரில் காற்று இல்லாததால் யாரும் எச்சரிக்கையாக இருப்பதுமில்லை. 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இத்தகைய அலைச்சீற்ற நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளுக்கு முன்னரே எச்சரிக்கை விட முடிவதற்குக் காரணம், அவை தொலைவில் பிறந்து நாட்கணக்கில் பயணம் செய்து வருவதுதான். அந்த எச்சரிக்கை வந்த நாளில் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

‘ஏழாவது அலை பெரிய அலை’ என்று கரையோரங்களில் சொல்லப்படுவதையும் இங்கேயே பார்த்துவிடலாம். அலைகள் ஒன்றையொன்று மோதிச் சிதறுவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று கூடி, பிரிந்து, எதுவும் நடவாதது போல் தம் வழியே சென்றுவிடுகின்றன. முகடும் முகடும் சேரும் இடத்தில் உயரம் கூடும். முகடும் அகடும் சேரும் இடத்தில் குறையும். பன்னிரண்டு நொடி அலையும் பதின்மூன்று நொடி அலையும் சம உயரத்தில் சேர்ந்து வந்தால், 156 நொடிக்கு ஒருமுறை பெரிய அலைகளின் கூட்டம் ஒன்று வரும். இடையில் கடல் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். ஆக பெரியதற்கும் அடுத்த பெரியதற்கும் இடையே பன்னிரண்டோ பதின்மூன்றோ அலைகள் இருக்கும். வேறு அலைவுக்காலங்கள் சேர்ந்தால் வேறு எண் வரும். ஏழு என்ற எண்ணுக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை, ஆனால் பெரிய அலைகள் கூட்டமாக வரும், இடையில் ஓய்வு இருக்கும் என்ற கவனிப்பு முற்றிலும் சரி. கரையிலிருந்து படகைத் தள்ளுபவர்கள் காத்திருந்து தள்ளுவது அந்த ஓய்வுக்காகத்தான்.

இப்போது சுனாமி. 2004இல் சுமத்ரா அருகே தொடங்கி வடக்கே அந்தமான் வரை 1200 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் கடலடித் தரை பிளந்து நகர்ந்தது. தரையுடன் அதன்மேல் இருந்த நீர்த்தொகுதி முழுவதும் தூக்கப்பட்டது. இவ்வளவு அகலமாக எழுப்பப்பட்ட அலையின் அலைவுக்காலம் நிமிடக்கணக்கில் இருக்கும். அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் வர்க்கமூலக் கணக்குப்படி அதன் வேகம் நொடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். அலைநீளம் ஏறத்தாழ 356 கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடல் இந்த அலைக்கு முன்னால் ஓர் ஆழமற்ற குட்டைதான். ஆகவே அது பிறந்த கணத்திலிருந்தே தரையைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் தற்செயலாக வங்கக்கடலின் மேல் கடந்தபோது கடல்மட்டத்தில் அது அளந்த உயர்வு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்.

இந்த எண்களைப் படகில் இருப்பவரின் இடத்திலிருந்து பார்ப்போம். அகட்டிலிருந்து முகட்டுக்கு ஏறப் படகுக்குக் கால் மணி நேரம் கிடைக்கிறது; அந்தக் கால் மணி நேரத்தில் அது ஏறுவது ஒரு மீட்டரை ஒட்டிய உயரம். அதே நேரத்தில் அவர் படகைச் சாதாரண அலைகள் பத்து நொடிக்கு ஒரு முறை அதே அளவு தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அலை மணிக்கு 700 கிலோமீட்டரில் கடந்தாலும், அங்குள்ள நீர் நகரும் வேகம் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர்தான். அரை மணி நேரத்தில் ஏறத்தாழ பதினேழு மீட்டர் முன்னும் பின்னுமாகச் சென்று வருகிறது. அவருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. அலையின் வேகத்தையும் நீரின் வேகத்தையும் ஒன்றாக நினைப்பதால்தான் இது நம்பக் கடினமாகத் தோன்றுகிறது.

வியப்பு ஆற்றலில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பில் உள்ள ஆற்றலை மட்டும் ஒப்பிட்டால், 60 சென்டிமீட்டர் வீச்சுள்ள (இயல்பான கடல்மட்டத்திலிருந்து முகடு வரை அளந்த உயரமுள்ள) சுனாமி, இரண்டு மீட்டர் உயரமுள்ள சாதாரண அலையைவிட இளைத்தது: முன்னதில் ஏறத்தாழ 1800 ஜூல், பின்னதில் 5000 ஜூல். ஆனால் சாதாரண அலையில் ஒரு முகடு சுமந்து வருவது 156 மீட்டர் நீளத்தின் ஆற்றல். சுனாமியில் 356 கிலோமீட்டர் நீளத்தின் ஆற்றல். கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் அலை கொண்டுவந்து கொட்டும் ஆற்றலைக் கணக்கிட்டால் சுனாமி எண்ணூறு மடங்கு பெரியது. பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது அதன் வேகம் நொடிக்குப் பத்து மீட்டராகவும், நீளம் சுமார் 18 கிலோமீட்டராகவும் சுருங்குகிறது. ஆழத்தின் நான்காம் மூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் உயரம் கூடும் என்ற கிரீன் விதிப்படி 60 சென்டிமீட்டர் 2.7 மீட்டராகிறது, அதன்பின் கரையின் வடிவமும் முகத்துவாரங்களும் அதை மேலும் ஏற்றலாம். இங்கே உயரத்தைவிடக் கொடியது நீளம். 2.7 மீட்டர் உயரமுள்ள சாதாரண அலை சில நொடிகளில் உடைந்து திரும்பிவிடும். சுனாமியில் கடல்மட்டமே உயர்ந்து, பத்துப் பதினைந்து நிமிடம் இடைவிடாமல் நீர் உள்ளே வந்துகொண்டிருக்கும். ஊருக்குள் கிலோமீட்டர் கணக்கில் அது நுழைவது இதனால்தான்.

சுனாமிக்கு முன் கடல் எப்போதும் உள்வாங்கும் என்ற நம்பிக்கை 2004க்குப் பிறகு பரவலாகிவிட்டது. கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பது சரிதான். உள்வாங்காவிட்டால் ஆபத்தில்லை என்பது தவறு. அந்தப் பிளவில் மேற்குப் பக்கத்தில் தரை உயர்ந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. ஆகவே கிழக்கே தாய்லாந்துக்கு முதலில் அகடு சென்றது. அங்கே கடல் வற்றிப் பின் வந்தது. மேற்கே இலங்கைக்கும் தமிழகக் கரைக்கும் முதலில் வந்தது முகடே.

கேரளத்துக்கு அது எப்படிச் சென்றது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கொல்லம் மாவட்டத்தின் ஆலப்பாடு ஊர், சுமத்ராவிலிருந்து பார்த்தால் இலங்கைக்கும் இந்திய முனைக்கும் பின்னால் மறைந்திருக்கிறது. ஆயினும் அங்கே பலர் இறந்தனர். தடையின் அளவு அலைநீளத்தைவிட மிகப் பெரியதாக இருந்தால்தான் அதற்குப் பின்னால் நிழல் விழும். இலங்கையின் நீளம் 430 கிலோமீட்டரை ஒட்டியது, அகலம் அதில் ஏறத்தாழ பாதி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைக்கு முன்னால் அது நிழல் தரும் அளவுக்குப் பெரிய தடையாக இருக்கவில்லை. தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற பகுதியில் வேகம் குறைந்து அலை தீவை நோக்கி வளைந்ததும் இதோடு சேர்ந்துகொண்டது. அடுத்த அறையில் பேசுபவரின் குரல் கதவைச் சுற்றி வருவதும் அவர் உருவம் வராததும் இதே காரணத்தால்தான்: பேச்சொலியின் நீளம் மீட்டர் அளவு, ஒளியின் நீளம் மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

சுனாமியின் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது என்பதால், கடலடி வரைபடம் கையில் இருந்தால் எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முன்னரே கணக்கிட்டு வைத்துவிடலாம். நிலநடுக்க அலைகள் பாறையின் ஊடே நொடிக்குப் பல கிலோமீட்டர் செல்வதால், செய்தி சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது; 2004இல் சுனாமி சென்னையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் ஒவ்வொரு நிலநடுக்கமும் சுனாமியை எழுப்புவதில்லை என்பதால், அலை உண்மையில் கிளம்பியதா என்பதைக் கடலிலேயே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 2007இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட எச்சரிக்கை மையம் இதற்குக் கடலடியில் வைக்கப்பட்ட அழுத்தமானிகளைப் பயன்படுத்துகிறது. மேலே மூன்று மீட்டர் அலைகள் புரண்டுகொண்டிருக்கும் கடலில் அரை மீட்டர் உயர்வை எப்படிப் பிரித்தறிவது என்று தோன்றலாம். நீர்த்துளிகளின் வட்டம் பாதி அலைநீள ஆழத்துக்குள் தேய்ந்துவிடுகிறது என்று முதலில் பார்த்தோமே, சாதாரண அலைகளின் அழுத்தமும் அவ்வாறே தேய்ந்து, பல கிலோமீட்டர் ஆழத்திலுள்ள கருவியை எட்டுவதே இல்லை. அங்கு வரை இறங்குபவை ஓதங்களும் (கடலின் அன்றாட ஏற்ற இறக்கங்களும்) சுனாமியும் போன்ற மிக நீண்ட அலைகள் மட்டுமே. ஓதத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக் கழித்துவிடலாம் என்பதால், மீதமாக ஒரு சென்டிமீட்டர் உயர்வு தெரிந்தாலும் அதைக் கருவி பிடித்துவிடுகிறது.